ஒன்பது மணி அமைதிப் பூசை

ஏழு வயது வரை மிதுஷா ஒரு பூசையைக்கூட முழுதாகக் கண்டதில்லை. மோர்டன் என்ற ஊரில் இருக்கும் அந்தக் கத்தோலிக்கக் கோவிலுக்குத் தாய் பிறேமினியும் தகப்பன் கொட்வினும் ஞாயிறுதோறும் பத்தரை மணிப் பூசைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். முதல் வாசகம் முடிவதற்குள் மூவரில் இருவர் வெளியே நிற்பார்கள். கதவு அறைபடுவது, யாரோ தும்முவது, ஒலிவாங்கி திடீரென்று கீச்சிடுவது, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கூரை பிளக்கக் கத்துவாள். பிறகு பிறேமினியோ கொட்வினோ அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கார் நிறுத்துமிடத்தில் மேலும் கீழும் நடப்பார்கள். உள்ளே இருந்தவர் வீட்டுக்குப் போகும் வழியில் பிரசங்கத்தைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம். கொட்வின் எந்த ஞாயிறும் ஒரே பிரசங்கத்தைத்தான் சொன்னான்.

"அன்பா இருக்கட்டாம்."

நாலு வயதில் டொக்டர்கள் ஓட்டிசம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். மிதுஷாவிடம் முப்பது நாற்பது சொற்கள் இருந்தன. அதில் பாதி சாப்பாட்டுப் பெயர்கள், மீதியில் பெரும்பங்கு பஸ் இலக்கங்கள். பிறேமினி ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். கொட்வின் வீடுகளுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் வான் ஓடினான். கோவிலை விட்டுவிடலாம் என்று கொட்வின் பலமுறை சொல்லியிருக்கிறான். பிறேமினிக்கு மனம் வரவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரமாவது நாலு சனத்தோடு சனமாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான் அவளுக்கு. பக்தியெல்லாம் அதற்குப் பிறகு.

அந்த வருடக் குருத்தோலை ஞாயிறன்று கோவில் நிரம்பி வழிந்தது. வருடத்தில் மூன்று நாள் மட்டும் பூசைக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். கதவோரம் இருந்த அவர்களுடைய வழக்கமான இடத்தில் ஒரு பெரிய குடும்பம் ஓலைகளோடு குடியேறியிருந்தது. கொட்வின் காரை விட இடம் தேடிக்கொண்டிருந்தான். பிறேமினி பிள்ளையைக் கையில் பிடித்தபடி சனத்தோடு தள்ளுண்டு இடப்பக்கச் சுவரோரம் போய்ச் சேர்ந்தாள். அங்கே இரண்டு மூன்று பேர் இருக்கக்கூடிய ஒரு சின்ன மரவாங்கு வெறுமையாகக் கிடந்தது. அவ்வளவு சனத்துக்குள்ளும் அது வெறுமையாகக் கிடந்ததற்குக் காரணம் இருந்தது. அதன் முதுகு, ஓர்கன் வாத்தியத்தின் பெரிய மரக்குழாய்கள் நிற்கும் பெட்டியோடு ஒட்டியிருந்தது. அங்கே ஒருமுறை இருந்து பார்த்தவர்கள் நெஞ்சு அதிருது என்று சொல்லி மறுமுறை அந்தப் பக்கம் வருவதில்லை.

ஓர்கன் வாசித்தவர் மிஸ்டர் பேசில் என்ற வெள்ளைக்காரர். எழுபது கடந்தவர். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கோவிலில் வாசிக்கிறார். அவருக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அன்று பூசை தொடங்கும் மணி அடித்ததும் மிதுஷா காதைப் பொத்தினாள். வாய் திறந்தது. பிறேமினி எழும்புவதற்காகக் கைப்பையைத் தோளில் மாட்டினாள். அந்த நேரம் மிஸ்டர் பேசில் காலால் ஒரு கட்டையை மிதித்தார். ஆகத் தாழ்ந்த ஒரு சுரம் பெட்டிக்குள்ளிருந்து புறப்பட்டது. அது காதில் கேட்பதற்கு முதல் வாங்கில் ஏறியது, வாங்கிலிருந்து முதுகில் ஏறியது. மிதுஷாவின் வாய் திறந்தபடியே நின்றது. சத்தம் வரவில்லை. அவள் கைகளைக் காதிலிருந்து எடுத்தாள். இது எங்கிருந்து வருகிறது என்று சுற்றிப் பார்த்துவிட்டு, திரும்பி முழங்காலில் நின்று, மரப்பெட்டியில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு கன்னத்தை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு அதே சுரத்தில் தானும் "ம்ம்ம்" என்று சேர்ந்துகொண்டாள்.

பிறேமினி கைப்பையைத் தோளிலிருந்து கழற்றப் பயந்துபோய் அப்படியே இருந்தாள். ஒரு மணி நேரம் இருந்தாள்.

கொட்வின் உள்ளே வந்து வழக்கமான இடத்தில் அவர்களைக் காணாமல், வெளியேதான் நிற்பார்கள் என்று நினைத்துக் கார் நிறுத்துமிடத்தை இரண்டு தரம் சுற்றினான். பிறகு தெருவுக்குப் போய்ப் பார்த்தான். நற்கருணை நேரத்தில் முகம் வெளிறி உள்ளே வந்தபோதுதான், மகள் மரத்தில் கன்னம் வைத்துக்கொண்டு இருப்பதைக் கண்டான். பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்.

"என்னப்பா செய்தனீர்?"

"நான் ஒண்டும் செய்யேல்ல. கதைக்காதேங்கோ."

அந்த ஞாயிறு பிரசங்கம் என்ன என்று இருவருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு அந்த வாங்கு அவர்களுடையதாயிற்று. கவுன்சிலில் இருந்து மிதுஷாவைப் பார்க்க வரும் தெரபிஸ்ற்றிடம் பிறேமினி இதைச் சொன்னாள். அந்தப் பெண் ஆச்சரியப்படவில்லை. சத்தம் என்று நாங்கள் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் கதவு அறைவது வேறு, தாழ்ந்த சுரம் ஒன்று உடம்பில் மெல்ல ஏறுவது வேறு என்றாள். சில பிள்ளைகளுக்கு அந்த அதிர்வு பெரிய ஆறுதல், வேறு சிலருக்கு அதுவே சித்திரவதை. இது மருந்தும் அல்ல, நாளைக்கும் அவள் கதவுச் சத்தத்துக்குக் கத்தத்தான் செய்வாள், ஆனால் ஒரு மணி நேரம் கிடைக்கிறது என்றால் அந்த ஒரு மணி நேரத்தை விடாதேயுங்கள் என்றாள். மெல்ல அதிரும் குஷன் ஒன்று இருக்கிறது, அதற்கு மிதுஷாவின் பெயரைப் பதிவு செய்கிறேன், பதினொரு மாதம் காத்திருக்க வேண்டி வரும் என்றும் சொன்னாள்.

பிறேமினி வீட்டுக்கு வந்து கொட்வினிடம் சொல்லிச் சிரித்தாள். "எங்களுக்கு ஒரு கோவில் அளவில குஷன் கிடைச்சிருக்கு."

மூன்று மாதம் அப்படிப் போனது. அவ்வளவு காலமும் யேசுரட்ணம் அவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

யேசுரட்ணம் பங்குச் சபைத் தலைவர். தபால் தரம்பிரிக்கும் நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். நோயாளிகளைக் கோவிலுக்கு ஏற்றி இறக்க அவர்தான் வாகனம் ஒழுங்கு செய்வார். செத்தவீடு என்றால் முதல் ஆளாக நிற்பார். எந்த விஷயத்தையும் ஒரு பெட்டிக்குள் போட்டு, பெட்டியில் பெயர் ஒட்டிவிட்டால்தான் அவருக்கு நித்திரை வரும். பங்குத்தந்தை ஒரு வயதான ஐரிஷ்காரர். யேசுரட்ணம் சொல்வதற்கு மறுப்புச் சொல்லாமல் இருப்பதே உடம்புக்கு நல்லது என்று எப்போதோ கண்டுகொண்டவர்.

ஓர்கன் நின்ற பிறகும் மிதுஷாவின் "ம்ம்ம்" பத்துப் பன்னிரண்டு விநாடி நிற்காது. எல்லோரும் தலைகுனிந்து செபிக்கும் அமைதியில் அது மட்டும் தனியாக ஓடும். யேசுரட்ணம் முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்ப்பார். அவருக்குக் கோபம் இல்லை, உண்மையான இரக்கம். ஓர்கன் சத்தம் தாங்காமல் பிள்ளை முனகுது என்றே அவர் நினைத்தார்.

அந்தக் கோடையில் மறைமாவட்டம் நடத்திய ஒருநாள் பயிற்சிக்கு அவர் போனார். ஓட்டிசம் உள்ளவர்களைக் கோவிலில் எப்படி வரவேற்பது என்பது பற்றிய பயிற்சி. ஒரு தடித்த கோப்போடும் சான்றிதழோடும் திரும்பி வந்தார். பயிற்சியில் அவர் அழுதார் என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிவில் அவர் ஒலிவாங்கிக்கு முன் வந்து நின்றார். முதலில் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தமிழிலும் சொன்னார்.

"எங்கட பங்கில மிதுஷா எண்டு ஒரு குழந்தைப் பிள்ளை இருக்கு. அந்தப் பிள்ளை ஒவ்வொரு கிழமையும் படுற வேதனையை நாங்கள் எல்லாரும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறம். இனி அது வேண்டாம். வாற மாசம் தொடக்கம் ஒன்பது மணிக்கு அமைதிப் பூசை. ஓர்கன் இல்லை, பாட்டு இல்லை, மணி இல்லை, ஒலிவாங்கி இல்லை. லைற்றும் அரைவாசிதான்."

சனம் கைதட்டப் போனது. யேசுரட்ணம் இரண்டு கையையும் உயர்த்தித் தடுத்தார். கைதட்டும் சத்தம் பிள்ளைக்கு ஆகாது, கையை மேலே தூக்கி ஆட்டுங்கோ என்று பயிற்சியில் கற்றதைச் செய்து காட்டினார். முந்நூறு பேர் கையைத் தூக்கி விரல்களை ஆட்டினார்கள். அந்த ஊமைக் கூத்தைக் கண்டு மிதுஷா மிரண்டு தாயின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்தாள். பார்த்தவர்களுக்குக் கண் கலங்கியது.

பிறேமினிக்கு முகம் சுட்டது. பூசை கலைந்ததும் கதவடியில் அவரைப் பிடித்தாள்.

"ரட்ணம் அண்ணை, எங்களை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

"உங்களுக்குச் சொல்லாமல் செய்தால்தானே சந்தோசம் பிள்ளை."

"அதில்ல அண்ணை. அவளுக்கு ஓர்கன் விருப்பம். அதுக்காகத்தான் அந்த வாங்கில வந்து இருக்கிறனாங்கள்."

யேசுரட்ணம் அவளைக் கனிவோடு பார்த்தார். பயிற்சியில் இதையும் சொல்லியிருந்தார்கள் போலும். "பெத்த தாய்க்கு அப்பிடித்தான் தெரியும். பிள்ளை பழகிப்போச்சுது எண்டு நீங்கள் நினைக்கிறியள். உள்ளுக்க அது துடிக்குது. இஞ்ச பாருங்கோ." கோப்பைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். காதைப் பொத்திக்கொண்டு நிற்கும் ஒரு பிள்ளையின் படம், கீழே குண்டு எழுத்தில் சத்தத்தைக் குறையுங்கள் என்று இருந்தது.

"இது வேற பிள்ளை அண்ணை."

"எல்லாம் எங்கட பிள்ளையள்தான்" என்றார் யேசுரட்ணம்.

முதலாவது அமைதிப் பூசைக்குப் போகாமல் விட முடியவில்லை. பிள்ளையின் பெயரைச் சொல்லியல்லவா தொடங்குகிறார்கள். கொட்வின் அன்றைய ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு வந்தான். கதவுப் பிணைச்சல்களுக்கு எண்ணெய் போட்டிருந்தார்கள். வாசலில் நின்றவர்கள் வாயசைத்து வரவேற்றார்கள். பங்குத்தந்தை ஒலிவாங்கி இல்லாமல் பூசை செய்தார். மூன்றாம் வரிசைக்குப் பின்னால் அவர் சொன்னது எதுவும் கேட்கவில்லை, யாரும் குறை சொல்லவும் இல்லை.

மிதுஷா நேரே தன் வாங்குக்குப் போய் மரத்தில் கன்னத்தை வைத்தாள். காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கன்னத்தை மாற்றி வைத்தாள். பிறகு விரலை மடக்கிப் பெட்டியைத் தட்டினாள். கொஞ்சம் பலமாகத் தட்டினாள். யாரோ உஷ் என்றார்கள். அவள் தாயைத் திரும்பிப் பார்த்து, தன்னிடம் இருந்த சொற்களில் ஒன்றை எடுத்துக் கேட்டாள். "முடிஞ்சுதா?"

"இண்டைக்கு இல்லையம்மா."

மிதுஷா கத்தினாள். அந்தக் கோவில் கட்டப்பட்ட நாளிலிருந்து அப்படி ஒரு சத்தம் அதற்குள் கேட்டிருக்காது. மற்ற நாட்களில் பாட்டும் ஓர்கனும் பாதியை மறைத்துவிடும். அன்று மறைக்க எதுவும் இருக்கவில்லை. கொட்வின் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். எண்ணெய் போட்ட கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

பங்குச் சபையின் அந்த மாத அறிக்கையில் யேசுரட்ணம் எழுதினார்: "முதல் அமைதிப் பூசையில் பிள்ளை அனுபவித்த துன்பம், இத்தகைய பூசையின் தேவையை மேலும் உறுதிப்படுத்தியது." அடுத்த கிழமை தொடக்கம் காணிக்கைத் தட்டில் வெல்வெற் விரித்தார்கள். தரையில் கம்பளம் போட்டார்கள். இருமல் உள்ளவர்கள் பத்தரைக்கு வரும்படி அறிவித்தல் ஒட்டினார்கள்.

பிறேமினியும் கொட்வினும் பேசாமல் பத்தரைப் பூசைக்கே திரும்பினார்கள்.

ஆனால் ஒன்பது மணிப் பூசை பிடித்துக்கொண்டது. பாட்டு இல்லாததால் அது முப்பத்திரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஒலிவாங்கி இல்லாததால் பங்குத்தந்தை தொண்டையைக் காப்பாற்றிக்கொள்ளப் பிரசங்கத்தை நாலு வரியாக்கினார். மகனைக் கால்பந்துப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறவர்கள் முதலில் வந்தார்கள். பிறகு மத்தியான ஷிப்ட்காரர் வந்தார்கள். ஞாயிறு விருந்துக்கு ஆட்டிறைச்சி காய்ச்ச வேண்டியவர்கள் வந்தார்கள். இரவு பிந்திப் படுத்த இளம் ஆட்கள் வந்து அரை வெளிச்சத்தில் நிம்மதியாகத் தூங்கினார்கள். புரட்டாதி மாதம் ஒன்பது மணிக்கு இருக்க இடமில்லை. பத்தரைக்கு முன்வரிசைகள்கூடக் காலியாகக் கிடந்தன. மறைமாவட்டப் பத்திரிகையில் "ஓட்டிசப் பிள்ளைகளை அரவணைக்கும் பங்கு" என்று படத்தோடு செய்தி வந்தது. படத்தில் எண்பது பேர் இருந்தார்கள். ஒரு ஓட்டிசப் பிள்ளையும் இல்லை.

கொட்வின் அந்தப் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இவர் என்ர வான் டிப்போ மனேஜர். இவருக்கு எப்ப தொடக்கம்?" என்றான்.

பிறேமினிக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பியற்றிஸ் கதைத்த அன்றோடு சிரிப்பு நின்றது. பியற்றிஸ் பீடத்துக்குப் பூ வைக்கும் பெண். கடுஞ்சொல் பேசத் தெரியாதவள். பத்தரைப் பூசையில் மிதுஷாவின் "ம்ம்ம்" ஓடி முடிந்தபோது, அவள் குனிந்து பிறேமினியின் காதில் அன்பாகச் சொன்னாள்.

"உங்களுக்கெண்டு தனிப் பூசையே வைச்சிருக்கல்லோ பிள்ளை. ஏன் அங்க போறேல்ல?"

வீட்டுக்கு வந்ததும் பிறேமினி நேரே சமையலறைக்குப் போனாள். அங்கே நின்றுகொண்டுதான் சொன்னாள். "முந்தி அவள் கத்தினா எல்லாரும் பொறுத்துக்கொண்டவை. இப்ப அவள் சும்மா இருந்தாலும் ஏன் இஞ்ச இருக்கிறாய் எண்டு கேக்கினம். எங்களைப் பூப்போட்டு வெளியில விட்டிருக்கினம் கொட்வின்."

"வேற கோவில் பாப்பம்."

"வேற கோவிலில ஓர்கனுக்குப் பக்கத்தில வாங்கு இருக்குமோ?"

அடுத்த புதன்கிழமை மருந்துக்கடையில் நின்றபோது பங்கு வட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. பத்தரைப் பூசைக்கு ஆட்கள் குறைந்துவிட்டதாலும், மிதுஷா போன்ற பிள்ளைகளின் நலன் கருதியும், மார்கழி தொடக்கம் இரண்டு பூசைகளையும் அமைதிப் பூசையாக மாற்ற உத்தேசம். மிஸ்டர் பேசிலின் நீண்ட சேவைக்கு நன்றி. கீழே அறுபது பேர் கையாட்டும் படத்தைப் போட்டிருந்தார்கள்.

பிறேமினி மருந்தை மாறிக் கொடுத்துவிடாமல் இருப்பதற்காகப் போனை மேசை லாச்சிக்குள் போட்டாள். மத்தியான இடைவேளையில் எடுத்து யேசுரட்ணத்தை அழைத்தாள். அவளுக்குக் கூட்டத்தில் எழும்பிப் பேச வராது. அது அவளுக்கே தெரியும்.

"அண்ணை, சனிக்கிழமை நாலு மணிக்கு மிஸ்டர் பேசில் பழகுறதுக்கு வருவார். நீங்களும் ஒருக்கா வாங்கோ. கூட்டம் வேண்டாம். நீங்கள் மட்டும்."

"என்னத்துக்குப் பிள்ளை?"

"வந்து அந்த வாங்கில இருந்து பாருங்கோ. பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் கேக்கிறன்."

சனிக்கிழமை அவர் கோப்போடு வந்தார். மிதுஷா ஏற்கெனவே மரத்தில் சாய்ந்திருந்தாள். யேசுரட்ணம் வாங்கின் மறுமுனையில் இருந்தார். பிறேமினி தலையாட்ட, மிஸ்டர் பேசில் தொடங்கினார். அடுத்த கணமே யேசுரட்ணம் முகத்தைச் சுழித்துக்கொண்டு வலது காதைப் பிடித்தார். காதுக்குள் இருந்து ஒரு கடலையளவு பொருளைக் கழற்றி எடுத்தார். காது கேட்கும் கருவி.

பிறேமினி பேசிலுக்குக் கைகாட்டி நிறுத்தினாள்.

"உங்களுக்கு எப்ப தொடக்கம் அண்ணை?" அவருக்குக் கேட்கும்படி பலமாகக் கேட்டாள்.

"ரெண்டு வரியம். வீட்டில மட்டும்தான் தெரியும். ஓர்கன் தொடங்கினா இது காதுக்குள்ள விசிலடிக்கும், மண்டைக்குள்ள கம்பி இறக்கிற மாதிரி." அவர் கருவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "ட்ரெய்னிங்கில அவை சத்தம் ஒரு ஆளை எப்பிடி வதைக்கும் எண்டு சொன்னவை. எனக்கு அழுகை வந்திட்டுது. நான் பிள்ளையளை நினைச்சு அழுறன் எண்டு எல்லாரும் நினைச்சவை. நானும் அப்பிடித்தான் நினைச்சன்."

பிறேமினிக்கு மூன்று மாதமாக அவரிடம் சொல்ல என்று சேர்த்து வைத்த சொற்கள் இருந்தன. அவற்றை அப்படியே விட்டுவிட்டாள்.

"இப்ப காதில ஒண்டும் இல்லையே. மரத்தில கையை வையுங்கோ" என்றாள்.

மிஸ்டர் பேசில் அந்த ஆகத் தாழ்ந்த சுரத்தை மிதித்தார். யேசுரட்ணம் கையை வைத்தார். அவர் கை வைத்தது மிதுஷாவின் இடத்தில். மிதுஷா கண்ணைத் திறந்து பார்த்து, அவருடைய கையைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். "என்ர" என்றாள். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கையை ஒரு சாண் கீழே இறக்கினார். அங்கே அதிர்வு இன்னும் பலம். அவர் அப்படியே இருந்தார். மிஸ்டர் பேசில் அடுத்த பாட்டுக்குப் போனார், அதற்கடுத்ததற்கும் போனார். மடியில் இருந்த கோப்பு சரிந்து கீழே விழுந்தது. அவருக்கு அது கேட்கவில்லை.

"கேக்கேல்லப் பிள்ளை" என்றார் கடைசியில், கோவில் முழுக்க ஒலிக்கும் குரலில். "ஆனா வருது."

மார்கழித் திட்டத்தை அவரே திரும்பப் பெற்றார். பத்தரைக்கு ஓர்கன் இருக்கும், ஒன்பதுக்கு இருக்காது என்று அறிவித்தார். காரணம் சொல்லவில்லை. மிஸ்டர் பேசிலுக்கு எழுதிய நன்றிக் கடிதத்தை வாங்கித் திருத்தி, கிறிஸ்மஸ் வாழ்த்தாக மாற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். யேசுரட்ணம் ஒன்பதுக்கும் வந்தார். பத்தரைக்கும் வந்து, கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு வாங்கின் ஒரு முனையில் இருந்தார். மிதுஷா அவரைச் சகித்துக்கொண்டாள்.

தை மாதத்தில் குமுதினி என்ற பெண் தன் மகளோடு மிச்சம் என்ற பக்கத்து ஊரிலிருந்து வந்தாள். மகள் கம்சிகாவுக்குப் பத்து வயது. அவளுக்கும் ஓட்டிசம். பத்திரிகையில் வந்த செய்தியை வாசித்துவிட்டு ஒன்பது மணி அமைதிப் பூசைக்குத்தான் வந்திருந்தார்கள். கம்சிகாவுக்கு உண்மையிலேயே அமைதி வேண்டும். தாழ்ந்த சத்தமும் ஆகாது, உயர்ந்ததும் ஆகாது. பெரிய நீலநிறக் காதுக்கவசம் போட்டுக்கொண்டுதான் வெளியே இறங்குவாள். சத்தத்தைவிட அவளுக்குத் தாங்க முடியாதது சன நெரிசல். ஒன்பது மணிக்கு வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். கார் விட இடமில்லை. கம்சிகா படியில் கால் வைக்க மறுத்துவிட்டாள். ஒன்றரை மணி நேரம் காருக்குள் இருந்தார்கள். பத்தரைக்குப் பார்த்தபோது கோவில் முக்கால்வாசி காலி. கம்சிகா தானாக இறங்கி, காதுக்கவசத்தை இறுக்கிக்கொண்டு, ஓர்கனுக்கு ஆக எட்டத்தில், வலப்பக்கக் கடைசி வரிசையில் போய் இருந்தாள். அன்றிலிருந்து அதுவே அவளுடைய இடம்.

ஆக, அந்தப் பங்கில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் இரண்டு பேரும் பத்தரைப் பூசைக்கு வந்தார்கள். பங்குத் தாளுக்காகப் பியற்றிஸ் அவர்களைச் சேர்த்து வைத்துப் படம் எடுக்க முயன்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தாய்மார் இருவரும் சிநேகமானார்கள்.

மாசியில் ஒரு ஞாயிறு, பூசைக்குச் சற்று முதல் யேசுரட்ணம் புதுக் கோப்பு ஒன்றோடு வந்தார். முகம் பளபளத்தது.

"மறைமாவட்டத்தில என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கினம் பிள்ளை. ஒன்பது பங்குகளில இருந்து ஆட்கள் வருவினம். இதைப் பாருங்கோ."

பிறேமினி வாங்கிப் பார்த்தாள். முதல் பக்கத்தில் குண்டு எழுத்தில் இருந்தது: ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஓர்கன் அவசியம். தாழ்ந்த சுரம் எவ்வளவுக்குக் கூடுதலோ அவ்வளவுக்கு நல்லது.

"எல்லாப் பிள்ளையளுக்குமோ அண்ணை?"

"ஓம். நான் என்ர கையால தொட்டுப் பாத்தனான்."

குமுதினி பக்கத்தில் நின்றாள். "என்ர மகளுக்கு ஏலாது" என்றாள். "ஓர்கன் தொடங்கினா நான் அவளின்ர கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறனான்."

யேசுரட்ணம் கடைசி வரிசையை எட்டிப் பார்த்தார். நீலக் காதுக்கவசம் தெரிந்தது. பேனாவை எடுத்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"அப்ப நான் என்னத்தைச் சொல்லுறது? அவை எனக்கு இருபது நிமிஷம் தந்திருக்கினம்."

"ரெண்டு பேரையும் பற்றிச் சொல்லுங்கோ" என்றாள் பிறேமினி. "இவளுக்கு இது, அவளுக்கு அது எண்டு. மற்றவையின்ர பிள்ளையளைப் பற்றி அவை வீட்டில போய்க் கேக்கட்டும்."

அவர் அப்படியே பேசினார். குமுதினியும் போய்க் கேட்டாள். நன்றாகப் பேசினார், தன் காதைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னார், சிலர் கண்ணைத் துடைத்தார்கள் என்று வந்து சொன்னாள். முடிவில் ஒருவர் எழும்பி, எல்லாம் சரி, இதைச் சுருக்கமாக ஒரு வரியில் தரமுடியுமா, அறிக்கையில் போட வேண்டும் என்று கேட்டாராம். யேசுரட்ணம் யோசித்து, ஒரு வரியில் வராது என்றாராம். அறிக்கை எழுதியவர் தானே ஒரு வரி எழுதிக்கொண்டார்.

பங்குனி முடிவதற்குள் நாலு கோவில்களில் இடப்பக்கச் சுவரோரம் ஒரு சின்ன மரவாங்கு போட்டார்கள். முதுகில் பித்தளைத் தகடு அடித்து, ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுதினார்கள். அந்த நாலில் இரண்டு கோவில்களில் ஓர்கனே கிடையாது.